கருப்பன் முடக்கு

ஈரத்துணியின் நுனியைப் பிழிந்து அப்பாவின் உதட்டில் வைத்தாள் கண்ணாயி. முதல் சொட்டு உள்ளே போயிற்று. அடுத்தது கடைவாயில் வழிந்து, நரைத்த தாடிமயிரில் தொங்கிக்கொண்டு நின்றது.

“போதும் சாமி. தண்ணி உடறது கெடக்கட்டும். நான் கேட்டத நெனச்சுப் பாத்தயா?”

“என்னத்தைங்கப்பா?”

“நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு.”

நேற்று அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியதிலிருந்து ராசப்பனுக்கு இதே கேள்விதான். கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயிறு மட்டும் பானையைக் கவிழ்த்த மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. விடிந்ததும் வந்த வைத்தியர் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாயியைத் தனியாகக் கூப்பிட்டு, “உள்ளாற ரத்தம் கட்டிப்போச்சும்மா. எம் மருந்துக்கு இது அடங்காது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொழைச்சாலும் பொழைப்பாரு. சட்டுனு கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரிக்குச் சொந்தக்காரரான சேக் மைதீன் ராவுத்தர் அதைக் கேட்டதும் லாரியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் தன் வீட்டுச் சமக்காளத்தையும் விரித்து அனுப்பிவிட்டார். யுத்தக் காலம். கூப்பன் இல்லாமல் ஒரு கரண்டி பெட்ரோல் கிடைக்காது. ஆனாலும் அவர் லாரி ஓட்டுகிற கண்ணாயியின் புருசனிடம், “பெட்ரோலைப் பாக்காத, மாணிக்கம், மாமனாரைப் பாரு” என்று சொன்னாராம். லாரி வாசலில் வந்து நின்றது. ஏற வேண்டியவர்தான் ஏறமாட்டேன் என்றார்.

“கருப்பன் கைவிட்ட ஒடம்பு இது. அவன் காவல் இருக்கிற வண்டியில என்னைத் தூக்கிப் போடாதீங்க. எம் பேரனுக்கு ஆகாது.”

தூக்கப் போன ஆட்களின் கையைத் தட்டிவிட்டார். அசைக்க அசைக்க அலறினார். அலறலுக்குப் பயந்து ஆட்கள் விலகிக்கொண்டார்கள்.

“கெடா வெட்டறன்னு நேந்துக்கிட்டு, கொம்பு ஒடிஞ்ச கெடாயைக் கொண்டு போயி வெட்டுனேன்,” என்றார் இப்போது, கூரையைப் பார்த்துக்கொண்டு. “நல்லதை வித்துப்போட்டேன். அதா இருக்குமோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா.”

“பூசாரி நொண்டுறதைப் பண்ணிக் காட்டிச் சிரிச்சேன். சாமி முன்னால இல்ல, சோளக்காட்டுல. ஆனாலும் அவனுக்குத் தெரியாமயா இருக்கும்?” சற்று மூச்சு வாங்கினார். “ஊருக்கெல்லாம் கருப்பன் ஊதுனான் கண்ணு. பொண்டு புள்ளைக்கு ஊதுனான். பொதி கழுதைக்குக்கூட ஊதுனான். எனக்கு மட்டும் ஊதல பாத்தயா.”

கண்ணாயி துணியை மறுபடியும் தண்ணீரில் நனைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஒரு மனிதர் தம் ஆயுசு முழுவதையும் துழாவி, இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் தப்பைப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிறார். கிடைத்ததெல்லாம் கொம்பு ஒடிந்த கிடாயும் ஒரு சிரிப்பும்தான். அவருக்கு யார் ஊதவில்லை, ஏன் ஊதவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பேளுக்குறிச்சிக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவில், மலைப்பாதை வந்து ரோட்டில் சேரும் இடத்தில், இறங்கி வருகிறவர்களுக்கு ரோடு இடதுகைப் பக்கம் சடாரென்று ஒடிந்து திரும்பும். அந்த மூலையில் ஒரு புளியமரம். மரத்தடியில் அரிவாளோடு கருப்பன். அதனால் அதற்குக் கருப்பன் முடக்கு என்று பேர். அடிவாரத்தில் மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு இறங்கும் ராவுத்தரின் லாரி, அந்த முடக்கில் திரும்பும்போதெல்லாம் தானாக ஆரன் அடிக்கத் தொடங்கியது. ஓட்டுகிற மாணிக்கம் பொத்தானில் கைவைக்க மாட்டான். ஆனாலும் அடிக்கும். மலைமேல் அரியூர் நாட்டுச் சனம் முதலில் பயந்தது. பிறகு கும்பிட்டது. மேலே போகும்போது ஏன் அடிப்பதில்லை என்று யாரோ ஒருத்தன் கேட்டதற்கு ராசப்பன்தான் பதில் சொன்னார்: “மலையை உட்டுப் போற பொருளுக்குத்தானே காவல் வேணும்? எல்லை தாண்டுது, எல்லை தாண்டுதுன்னு கருப்பன் கூவறான். மேல வாரது ஊட்டுக்கு வாரது. அதுக்கெதுக்குக் கூவணும்?”

இந்தப் பதில் நாடு முழுக்கப் பரவியது. மலையின் இன்னொரு கோடியிலிருக்கும் பைல் நாட்டிலிருந்துகூடத் தேங்காயோடு இறங்கி வந்தார்கள்.

மாணிக்கமும் மலையில் பிறந்தவன்தான். அவனும் தொடக்கத்தில் பயந்துதான் போனான். பிறகு ஒருநாள் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாயியை லாரிக்குள் ஏற்றி உட்கார வைத்துக் காட்டினான்.

“நடுவால இந்தப் பொத்தான் இருக்குதில்ல, இதுக்கடியில ஒரு வயரு. ஸ்டேரிங் தண்டு இரும்புக் குழாயாட்டம், உள்ள பொக்கு. அதுக்குள்ள எறங்கி ஆரனுக்குப் போவுது. பொத்தானை அமுக்குனா வயரு நுனி இரும்பைத் தொடும். தொட்டா ஆரன் அடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.”

“அப்பறம் எப்படி அமுக்காமயே அடிக்குது?”

“சக்கரம் திரும்பும். கீழ குழாய் நின்னது நின்னபடி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இந்த வயரு முறுக்கி முறுக்கி, மேல சுத்துன நூலெல்லாம் தேஞ்சு போச்சு. செம்பு பல்லைக் காட்டுது பாரு. இடதுபக்கம் முழுசா ஒடிச்சா, அது போயி இரும்புல ஒட்டிக்கும். கருப்பனும் இல்ல, செவப்பனும் இல்ல.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. “மலை மேல சொல்லிப்போடலாமில்லீங்க?” என்றாள்.

“சொன்னா ஆரு நம்புவா? உங்கப்பன்தான் மொத ஆளா அரிவாளைத் தூக்கிக்கிட்டு வருவாரு. இருக்கட்டும் போ. ஆருக்கு என்ன கெட்டுப் போச்சு?”

உண்மையில் நல்லதுதான் நடந்தது. தலைச்சுமையோடு இறங்குகிற சனம், ஆரன் சத்தம் கேட்டால் பாதை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். சத்தம் கடந்து போன பிறகு ரோட்டில் இறங்கும். சத்தம் இல்லாவிட்டால் வண்டியும் இல்லை. அதைவிடத் தெளிவான கணக்கு வேறு எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

கெட்டது வேறு பக்கத்திலிருந்து வந்தது. கண்ணாயி குடியிருந்தது பேளுக்குறிச்சியில், ராவுத்தரின் கொட்டகைக்கு எதிரில். கொட்டகைக்குள் திருப்பும்போதும் லாரி இடதுபக்கம்தான் ஒடிய வேண்டும். அங்கேயும் அது ஒருதரம் கத்தும். பின்னாலேயே வருகிற மலைச்சனம், “கருப்பன் கூடவே வந்துட்டான்டா” என்று தெருவிலேயே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஊர்க்காரப் பெண்களுக்கு அது தினசரிக் கூத்து.

“ஏன் கண்ணாயி,” என்பாள் அடுத்த வீட்டுச் சென்னம்மாள், கிணற்றடியில் குடத்தை இறக்கிக்கொண்டே. “உங்க சாமிக்கு லைசன்ஸ் இருக்குதா? இல்ல சும்மாதான் ஓட்டுதா?”

“எங்க மாட்டுவண்டி அச்சாணிகூடக் கத்துது. ஒரு தேங்காய் ஒடைக்கச் சொல்லுங்களேன்,” என்பாள் இன்னொருத்தி.

அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். மலையிலிருந்து வந்தவள் என்பதைப் பேச்சிலும் நடையிலும் சேலைக்கட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் மறைத்துக்கொண்டு வந்த காலம் அது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சந்தை நாளில் அப்பா தெருவில் விழுந்து கும்பிட்டார். லாரி கத்திக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பியதும் தலைச்சுமையை இறக்கி வைத்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சாணியும் புழுதியுமாகக் கிடந்த தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து போய், மருமகன் பிடித்திருந்த ஸ்டீயரிங் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் புழுதி. சந்தைக்கு வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. சென்னம்மாள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தெருப்பிள்ளைகள் “பாம் பாம்” என்று கத்திக்கொண்டு அவர் முன்னால் குப்புற விழுந்து விழுந்து எழுந்தன. அப்பா பிள்ளைகளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். அவையும் கும்பிடுகின்றன என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற கண்ணாயி, அப்பா தன்னைப் பார்க்கும் முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை அவள் மாணிக்கத்திடம் சொன்னாள். “அந்த வயரைப் புடுங்கி எறிஞ்சுட்டு வந்தாத்தான் இந்த ஊட்டுல சோறு.”

“ஆரன் இல்லாம எப்படி ஓட்டறது? ரப்பர் ஆரனும் கிழிஞ்சு கெடக்குது.”

“வாய் இல்லயா? கத்திக்கிட்டு ஓட்டுங்க.”

“சேலத்துல புது வயருக்குச் சொல்லியிருக்கேன். பட்டாளத்துக்குப் போக மிச்சம் இருந்தாத்தான் நமக்கு. அது வரைக்கும் பொறு.”

அவள் பொறுக்கவில்லை. அடுப்பை மூட்டவும் இல்லை. அவன் எழுந்து போய், தண்டின் அடியில் வயரைக் கழற்றி, நுனியில் கந்தையைச் சுற்றிச் செருகிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு லாரி ஊமையாகிவிட்டது. கொட்டகை வாசலில் அது சத்தமில்லாமல் திரும்பியதைப் பார்த்துக் கண்ணாயிக்கு நெஞ்சு குளிர்ந்தது. மலைக்கு இந்தச் சேதி போய்ச் சேரவில்லை. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நேற்று ராசப்பன் வாழைத்தார்களைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, சருகு இரண்டு காதையும் மறைத்துத் தொங்க, பாதை முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். சத்தம் ஒன்றும் இல்லை. ரோட்டில் இறங்கினார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டி வருவது மாணிக்கத்தின் வழக்கம். எல்லா டிரைவர்களும் அப்போது அப்படித்தான் செய்தார்கள். அவன் கத்தியிருக்கிறான். லாரி அவரை மோதவில்லை. மட்கார்டு தார் நுனியை உரசிக்கொண்டு போனது, அவ்வளவுதான். பாரம் அவரைச் சுழற்றி, பக்கத்துக் கால்வாயில், கல்லின் மேல் கொண்டு போய்ப் போட்டது.

துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கண்ணாயி வெளியே வந்தாள். மாணிக்கம் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். நேற்றுப் போட்ட காக்கிச் சட்டையையே இன்னும் கழற்றவில்லை.

“ஏனுங்க, சொல்லிப்போடலாங்க,” என்றாள்.

“எதை?”

“வயரைத்தான். சாமி கைவிட்டுருச்சுன்னுதானே ஏறமாட்டேங்கறாரு. சாமியே இல்லைன்னு தெரிஞ்சா ஏறுவாரில்ல?”

அவன் தலையைத் தூக்கினான். “நானே சொல்றேன். கழட்டுனது நானு. வண்டி ஓட்டுனதும் நானு. எம் மேல காறித் துப்பட்டும்.”

“கழட்டச் சொன்னது ஆரு?”

அவள் நின்றாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். வாசலிலிருந்து கட்டிலுக்குப் போவதற்குள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைத்தாள், குழந்தையின் தூளியை ஓர் ஆட்டு ஆட்டினாள், கூடையைச் சுவரோரம் நகர்த்தினாள். செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனபோது கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அப்பா.”

“சொல்லு கண்ணு. நெனப்பு வந்துச்சா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்கப்பா. அந்த ஆரன்... அது சாமி ஊதறது இல்லீங்க. ஸ்டேரிங்குக்குள்ள ஒரு வயரு இருக்குது. அது தேஞ்சு போயி, வண்டி திரும்பறப்ப இரும்புல ஒட்டும். ஒட்டுனா அடிக்கும். எப்பவும் அதுதானுங்க அடிச்சுது.”

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் அவசர அவசரமாக மீதியையும் சொன்னாள். “போன சந்தைக்கப்பறம் அதைக் கழட்டிப்போட்டோம். அதனாலதான் உங்களுக்கு அடிக்கல. வேறொண்ணுமே இல்லீங்கப்பா.”

“மாப்பிள்ளை கழட்டுனாரா?”

“நான்தான் கழட்டச் சொன்னேன்.”

“ஏங் கண்ணு?”

கட்டில் சட்டத்தில் ஒரு கயிறு பிரிந்திருந்தது. கண்ணாயி அதை எடுத்து முறுக்கினாள். முறுக்கிவிட்டு மறுபடியும் பிரித்தாள். தூளியில் குழந்தை புரண்டது.

அவரே கேட்டார். “அன்னைக்கு நான் ரோட்டுல உளுந்து கும்பிட்டனே... நீ உள்ள இருந்தீன்னு நெனச்சேன். பாத்தயா?”

“பாத்தனுங்க.”

“அந்தப் புள்ளைங்க?”

ராசப்பன் மெதுவாகக் கையைத் தூக்கி, தலைமாட்டில் கிடந்த துண்டைத் துழாவி எடுத்தார். முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

“இப்பவாச்சும் வண்டியில ஏறுங்கப்பா. அவரு நிக்கறாரு. மெதுவா ஓட்டுவாரு.”

“அதுலயா?” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அவ்வளவுதான் சொன்னார். துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கியது. வெளியே மாணிக்கம் லாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது வாசல் வழியாகத் தெரிந்தது. அவள் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.

துண்டுக்குள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தபோது அது கிட்டத்தட்டப் பழைய குரலாக இருந்தது. காட்டில் வேலை சொல்கிற குரல்.

“மேல இதைச் சொல்லிப்போடாத.”

“அப்பா...”

“எத்தனை பொம்பளைங்க. குட்டி கொளுந்தெல்லாம் இடுப்புல தூக்கியாந்து கும்பிட்டாளுங்க. எம் பேச்சைக் கேட்டுத்தானே. கம்பியைக் கும்பிட்டோம்னு தெரிஞ்சா அதுங்க எப்படிச் சந்தைக்கு வரும்? இந்த ஊருல எப்படி மூஞ்சியைக் காட்டும்?” மூச்சுக்காக நிறுத்தினார். “என்ன குத்தம்னு கேப்பாங்க. குத்தம் எறக்காம பொணத்தை முடக்கு தாண்ட உடமாட்டாங்க. சாமி காட்டுல மரக்கொம்பு ஒடிச்சேன்னு சொல்லிப்போடு. ஏருக்கு மேழி போட்டேன்னு.”

“அப்படிப் பண்ணுனீங்களா?”

“சொல்லிப்போடு.”

தண்ணீர் வைக்கத் துண்டை விலக்கப் போனாள். அவர் கை அதை இறுகப் பிடித்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே பிடி தளர்ந்தது. துண்டும் அசையாமல் நின்றுவிட்டது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. போய் மாணிக்கத்தைக் கூப்பிட்டாள்.

நேற்றே ஆள் அனுப்பியிருந்ததால், மலையிலிருந்து சனம் மத்தியானம் வந்து சேர்ந்தது. இடுப்பு ஒடிந்தது என்று மட்டும் கேள்விப்பட்டு வந்த அம்மா பெருமாயி, முடிச்சில் கட்டிக்கொண்டு வந்திருந்த ஒத்தட மூலிகையைப் பிணத்தின் காலடியில் வைத்துவிட்டு அழுதாள். கூட வந்தவர்களும் அழுதார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், ராவுத்தர் முன்வந்து லாரியில் அடிவாரம் வரை கொண்டு போகலாம் என்று சொன்னார். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க மனசுக்குப் புண்ணியமாப் போவட்டுங்க. கருப்பன் ஊதாம உட்ட மனுசனை அந்த வண்டியில எப்படிங்க ஏத்தறது? எங்க வழக்கப்படி நாங்களே தூக்கிக்கறோம்.”

ராவுத்தர் மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். மாணிக்கம் கண்ணாயியைப் பார்த்தான். கண்ணாயி தரையைப் பார்த்தாள்.

கம்பளியைத் தொட்டிலாக்கி மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். மாணிக்கமும் ஒரு தோள் கொடுத்தான். தெருவில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். காலையிலிருந்தே அந்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சென்னம்மாளும் வந்தாள். கருப்பன் முடக்கு வந்ததும் தூக்கினவர்கள் நின்றார்கள். மூங்கிலை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் போய் நின்று திரும்பினார்.

“கடைசியா ஆரு பக்கத்துல இருந்தது?”

“நானுங்க,” என்றாள் கண்ணாயி.

“சொமையோட மலை ஏறக்கூடாது கண்ணு. அவன் குத்தத்தை இங்கயே எறக்கி வெச்சிரோணும். உங்கப்பன் ஏதாச்சும் சொன்னானா?”

அவள் தலையைத் தூக்கினாள். எதிரில் மலைச்சனம். அதில் ஒருத்தி புதுத் தேங்காய் ஒன்றை மடியில் வைத்திருந்தாள், சாமிக்கு மேலும் கோபம் வராமலிருக்க உடைப்பதற்கு. ரோட்டின் அந்தப் பக்கம் பேளுக்குறிச்சிச் சனம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். வயரு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அப்பாவின் மேல் எதுவும் இருக்காது. அது நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண் மடியிலிருக்கும் தேங்காயை என்ன செய்வாள் என்றும் தோன்றியது.

“சாமி காட்டுல கொம்பு ஒடிச்சாருங்களாம்,” என்றாள். “ஏருக்கு மேழி போட்டாருங்களாம்.”

மலைச்சனத்தில் ஒரு முனகல் எழுந்தது. “அதானே பாத்தேன்,” என்றான் யாரோ. “வெவரம் தெரிஞ்ச மனுசன் பண்ற வேலையா இது?”

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாயிக்கு அது உறைத்தது. அந்த ஏர் அம்மாவின் பிறந்த வீட்டுச் சீர். மேழியிலிருந்து கொழு வரை அங்கிருந்து வந்ததுதான், அப்பா செய்து போட்டதல்ல. ‘எங்கப்பன் ஊட்டு மேழியைப் புடிக்கற கைக்கு இத்தனை வாயா’ என்று அம்மா அப்பாவைச் சீண்டுவதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். சண்டையில்லாத நாளில் அதுவே கொஞ்சலாகவும் இருக்கும்.

“ஏம்மா பெருமாயி,” என்றார் ஊர்க்கவுண்டர். “இது நெசந்தானா?”

பெருமாயி மகளைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண்கள் மகளின் முகத்தில் எதையோ தேடின. கண்ணாயியால் அந்தப் பார்வைக்கு நேராக நிற்க முடியவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள் பெருமாயி. “வேண்டாம், சாமி மரம்னு நான் சொன்னேன். கேக்கல.”

“அப்ப அந்த மேழியைக் கழட்டி, சாமி காட்டுலயே கொண்டு போயிப் போட்டுரு.”

“சரிங்க.”

“குத்தம் பட்ட பொணமும் ஊட்டுச் சனமும் ரோட்டுல போகக்கூடாது. கீழ கால்வாயில எறங்கித்தான் தாண்டோணும்.”

“எறங்கறனுங்க.”

தூக்கினவர்கள் ரோட்டை விட்டு விலகிக் கால்வாயில் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. மூங்கில் ஒருபக்கம் சாய, மாணிக்கம் அதைத் தோளால் முட்டி நிமிர்த்தினான். பெருமாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினாள். கண்ணாயி கரையில் காலை வைத்தபோது யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். சென்னம்மாள்.

“கொழந்தையைக் குடு கண்ணு. வழுக்குது. நான் மேலயே சுத்தி வந்து குடுக்கறேன்.”

குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் ரோட்டில் நடந்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

கால்வாயில் தண்ணீர் கொஞ்சம்தான். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம் மட்டும் முன்னாலும் பின்னாலும் கேட்டது. எதிர்க்கரை கொஞ்சம் செங்குத்து. பிணம் ஏறியது. பெருமாயி ஏறினாள். ஏறித் திரும்பி நின்று, குனிந்து, மகளுக்குக் கையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் கால் எங்கே படுகிறது என்று பார்த்தாள்.

“வேர்ல மிதி,” என்றாள். “மண்ணு எளகுது.”

கண்ணாயிக்கு அந்தக் கையைப் பிடிக்கத் துணிவு வரவில்லை. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த வேரைப் பற்றிக்கொண்டு, ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி, தானாகவே மேலே ஏறினாள். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு பெருமாயி அந்தக் கையாலேயே, கம்பளிக்கு வெளியே தொங்கிய ராசப்பனின் பாதத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்து, பாதத்தை உள்ளே தள்ளிக் கம்பளியை இழுத்து மூடினாள்.